வெள்ளைக் கல்லுக்குள் பொன் இருக்கோ? கனிய நாளங்களும் அவற்றின் சுவட்டு மூலகங்களும்

எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ ஓடும் தம்பி ஒருவர் ஒரு பின்னேரம் கைக்குட்டையில் சுற்றிய கல்லொன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். முட்டியளவு இருக்கும். வெள்ளை நிறம், நடுவே துருப்பிடித்த மாதிரி ஒரு கோடு, அங்கங்கே மினுக்கம்.

"சேர், நீங்க கெமிஸ்ற்றி படிப்பிக்கிற ஆள்தானே. இதுக்குள்ள பொன் இருக்கோ?"

திருகோணமலையில் இந்தக் கேள்வி புதிதல்ல. இராவணன் பெயரைச் சொல்லிப் புதையல் தேடுகிறவர்கள் இங்கே எந்தக் காலத்திலும் இருக்கிறார்கள். இப்போது கைத்தொலைபேசியில் பார்த்த வீடியோக்களும் சேர்ந்துகொண்டன: வெள்ளைக் கல் கண்டால் கீழே பொன், கல்லை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் "பொன் இருக்கு" என்று தாள் வரும், அவ்வளவுதான். தாளில் பொன் என்ற சொல் வருவது உண்மைதான். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் அது எதைக் குறிக்கிறது என்பதையும்தான் யாரும் விளக்குவதில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். உயர்தர இரசாயனவியல் படிக்காதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காகக் கேத்தலிலிருந்து தொடங்குகிறேன்.

கேத்தலின் அடியில் படியும் வெள்ளை

எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணியைக் கேத்தலில் சில மாதம் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாக ஒரு படை பிடிக்கும். தண்ணியைப் பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்த தண்ணி அது. சூடேறியதும் அந்தச் சுண்ணாம்பைத் தன்னுள் வைத்திருக்க முடியாமல் கேத்தலின் சுவரில் விட்டுவிடுகிறது.

கனிய நாளம் உருவாவதும் ஏறக்குறைய இப்படித்தான். பாறையில் வெடிப்பு விழுகிறது. ஆழத்திலிருந்து சூடான உப்புத்தண்ணி அந்த வெடிப்பு வழியே ஏறுகிறது. போகிற வழியில் அது ஆறுகிறது, அல்லது அமுக்கம் குறைந்து கொதிக்கிறது, அல்லது குளிர்ந்த வேறு தண்ணியோடு கலக்கிறது. இவற்றில் எது நடந்தாலும் கரைந்திருந்தவை வெடிப்பின் சுவர்களில் படியத் தொடங்கும். ஒரு நாள் வெடிப்பே அடைபட்டுப் போகும். இப்படிக் கனியத்தால் நிரம்பிய வெடிப்பைத்தான் கனிய நாளம் என்கிறோம். உடலின் இரத்தநாளம் போலப் பாறைக்குள் கிளை பிரிந்து ஓடுவதால் அந்தப் பெயர்.

நாளத்தை நிரப்புவதில் பெரும்பங்கு குவார்ட்ஸுக்கு. சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த வெள்ளைக் கல் அது. அதோடு சுண்ணாம்பு வகையான கல்சைற், சில இடங்களில் கல்சியமும் புளோரீனும் சேர்ந்த புளோரைற். இவற்றுக்கு இடையே சிறு பொட்டுகளாகவோ பட்டைகளாகவோ உலோகம் தரும் கனியங்கள் இருக்கலாம். வெட்டி எடுத்து உலோகம் பிரித்தால் இலாபம் வரும் அளவுக்கு அவை சேர்ந்திருந்தால் மட்டுமே அதற்குத் தாது என்று பெயர்.

"தண்ணி எப்படி சேர் செம்பைக் கரைக்கும்?" என்று என் மாணவர்கள் கேட்பார்கள். வெறும் தண்ணி கரைக்காது. குளோரைட்டு நிறைந்த, 300 பாகை செல்சியஸைத் தாண்டிய தண்ணி நன்றாகவே கரைக்கும். 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் சோல்ற்றன் கடலோரத்தில் நிலவெப்பத்துக்காக ஒன்றரைக் கிலோமீற்றருக்கும் ஆழமாக ஒரு கிணறு தோண்டினார்கள். மேலே வந்த கொதிநீரை ஓடவிட்ட குழாய்களில் மூன்று மாதத்துக்குள் தொன் கணக்கில் கறுப்புப் படை பிடித்தது. எடுத்துப் பார்த்தால் அதில் ஏறத்தாழ 20 சதவீதம் செம்பு, கூடவே வெள்ளியும்! தாதுப்படிவு உருவாவதை மனிதர் நேரில் பார்த்த அருமையான சந்தர்ப்பங்களில் அது ஒன்று. நம் கேத்தலில் சுண்ணாம்பு, அவர்களின் குழாயில் செம்பு.

கன்னியா வெந்நீரூற்றை நினைத்துக்கொண்டு "அப்ப எங்கட கன்னியாவிலயும்?" என்று யாரும் ஓட வேண்டாம். அந்த ஏழு கிணறுகளின் சூடு 40 பாகைக்குக் கிட்டத்தான். எரிமலை எதுவும் இல்லை. மழைத்தண்ணி வெடிப்புகள் வழியே ஆழத்துக்குப் போய்ச் சூடேறித் திரும்பி வருகிறது. தண்ணி வெடிப்பு வழியே பயணம் போய்வருவது என்ற பாதி உண்மையை கன்னியா கண்முன்னே காட்டுகிறது. மற்றப் பாதியான உலோகத்துக்கு அந்தச் சூடு போதாது, அந்த உப்பும் போதாது.

இதுவரை: சூடான உப்புத்தண்ணி பாறை வெடிப்பில் விட்டுச்சென்ற படிவே நாளம். அதில் பெரும்பகுதி விலையில்லாத வெள்ளைக் கல். உலோகம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

நிலாவெளி உப்புக்குள் ஒளிந்திருப்பது

அடுத்து உப்பளத்துக்குப் போவோம். நிலாவெளிப் பக்கம் போனவர்கள் பாத்திகளைப் பார்த்திருப்பீர்கள். கடல்தண்ணியை வெயிலில் காயவிட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் உப்பாகாது. முதலில் சுண்ணாம்பு, பிறகு ஜிப்சம், அதன் பிறகுதான் நாம் சமையலுக்குப் போடும் சோடியம் குளோரைட்டு. அது படிந்து முடியும்போது பாத்தியில் கொஞ்சம் கசப்புத் தண்ணி மிஞ்சும். மகனீசியம் முழுக்க அதற்குள்தான். அதை வடித்துவிடாமல் முழுவதையும் காயவிட்டால் உப்பு கசக்கும்.

மகனீசியம் ஏன் உப்புப் பளிங்குக்குள் போகவில்லை? இடம் சரிவரவில்லை. பளிங்கு என்பது அயன்கள், அதாவது மின்னேற்றம் கொண்ட அணுக்கள், வரிசை தவறாமல் அடுக்கிய கட்டடம். சோடியத்துக்கென்று விட்ட இடத்துக்கு மகனீசியத்தின் உருவமும் பொருந்தாது, ஏற்றமும் பொருந்தாது. சோடியத்துக்கு ஒரு நேர் ஏற்றம், மகனீசியத்துக்கு இரண்டு.

புரோமீனின் கதை வேறு. கடல்தண்ணியில் குளோரைட்டோடு சேர்ந்து மிகச் சிறிதளவு புரோமைட்டும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே ஏற்றம். புரோமைட்டு உருவத்தில் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அதனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குளோரைட்டின் இடத்தில் போய்க் குந்திக்கொள்கிறது. ஒரு பளிங்கில் ஒரு அயனின் இடத்தை இன்னொன்று பிடிப்பதற்குப் பதிலீடு என்று பெயர்.

பாத்தி காயக் காய மிஞ்சும் தண்ணியில் புரோமைட்டின் செறிவு ஏறிக்கொண்டே போகும். ஆகவே முதலில் விழுந்த உப்பில் புரோமீன் குறைவு, கடைசியில் விழுந்த உப்பில் கூட. பழைய கடல்கள் வற்றி உண்டான உப்புப் படைகளை ஆராய்கிறவர்கள் இதைத்தான் பார்ப்பார்கள். உப்புக்குள் இருக்கும் அந்தச் சிறிய புரோமீன் அளவிலிருந்து, அந்த உப்பு விழுந்தபோது கடல் எவ்வளவு வற்றியிருந்தது என்று கணிப்பார்கள். புரோமீனை விற்பதற்காக யாரும் அதை அளப்பதில்லை.

நாளக் கனியங்களின் சுவட்டு மூலகங்களுக்கும் இதே வேலைதான். ஒரு கனியத்தின் சூத்திரத்தில் இடம்பெறாமல், பொதுவாக 0.1 சதவீதத்துக்கும் குறைவாக அதற்குள் இருக்கும் மூலகமே சுவட்டு மூலகம். இவ்வளவு சிறிய அளவைச் சதவீதத்தில் சொல்வது சிரமம் என்பதால் பிபிஎம் என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு ஒரு பிபிஎம். இன்னும் எளிதாகச் சொன்னால், ஒரு தொன் கல்லில் ஒரு கிராம்.

நாலு ரூபாய் இருக்கை

குவார்ட்ஸ் மிகவும் இறுக்கமான வீடு. அதில் சிலிக்கனுக்கு மட்டுமே இடம். சிலிக்கனின் ஏற்றம் நான்கு. அந்த இடத்தைப் பிடிக்க வருகிறவரும் சிறிய உருவமாக, நான்கு ஏற்றத்தோடு இருக்க வேண்டும். தைத்தானியம் நான்கு ஏற்றத்தோடு வருகிறது, ஆனால் உருவம் பெரிது. சூடு கூடிய இடத்தில் பளிங்கின் கட்டுமானம் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும், அப்போது நுழைந்துவிடும். குளிர்ந்த இடத்தில் நுழைய முடியாது.

அலுமினியத்துக்கு இன்னொரு சிக்கல். அதன் ஏற்றம் மூன்று. நாலு ரூபாய் ரிக்கற்றுக்கு மூன்று ரூபாயோடு பஸ்ஸில் ஏறிய ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். மிச்ச ஒரு ரூபாயைக் கூட வரும் ஒரு சின்னப் பொடியன் கொடுத்துவிட்டு, இருக்கை இல்லாமல் நடுவில் நின்றுகொண்டு வருகிறான். குவார்ட்ஸில் அந்தப் பொடியன் இலிதியமாகவோ சோடியமாகவோ ஐதரசனாகவோ இருக்கலாம். பளிங்குக்குள் ஓடும் நுண்ணிய கால்வாய்கள்தான் அவன் நிற்கும் இடம். ஆகவே குவார்ட்ஸில் அலுமினியம் கூடினால் இலிதியமும் கூடுவதை அடிக்கடி காணலாம். அதைப் பார்த்துவிட்டு "கல்லில் இலிதியம் கிடைத்தது" என்று தலைப்புப் போட்டால், பொடியனைப் பஸ் முதலாளி ஆக்கின கதைதான்.

புகைநிறக் குவார்ட்ஸ் பார்த்திருக்கிறீர்களா? இந்த அலுமினியத்தோடு பாறையின் இயற்கைக் கதிர்வீச்சும் சேர்ந்துதான் அந்த நிறத்தைக் கொடுக்கிறது. அலுமினியத்துக்குப் பதிலாக இரும்பு இருந்தால் ஊதா நிறம். மோதிரத்தில் பதிக்கும் அமெதிஸ்ற் அதுதான்.

இதுவரை: பளிங்கின் இடத்துக்கு உருவமும் ஏற்றமும் பொருந்துகிற மூலகங்கள்தான் உள்ளே போகும். எவ்வளவு போகும் என்பதைத் தண்ணியின் சூடு, அமிலத்தன்மை, அதில் கரைந்திருந்தவை ஆகியவை தீர்மானிக்கும்.

தண்ணி போய்விட்டது, கணக்கு இருக்கிறது

நாளத்தை உண்டாக்கிய தண்ணி கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பே வடிந்து போயிருக்கும். அதன் சூட்டையும் புளிப்பையும் இனி யாரும் நேரடியாக அளக்க முடியாது. ஆனால் அது விட்டுச்சென்ற குவார்ட்ஸ் நம் கையில் இருக்கிறது.

2006இல் டேவிட் வார்க், புரூஸ் வாற்சன் என்ற இருவர் ஆய்வுகூடத்தில் வெவ்வேறு சூட்டில் குவார்ட்ஸை வளர்த்து, ஒவ்வொரு சூட்டிலும் எவ்வளவு தைத்தானியம் உள்ளே போகிறது என்று அளந்தார்கள். குவார்ட்ஸின் தைத்தானியத்தை வெப்பமானியாகப் பயன்படுத்தும் வழி அதிலிருந்து பிறந்தது. எனக்கு இதில் ஒரு தனி இரசனை. புல்மோட்டைக் கடற்கரையில் கறுப்பு மணலாகக் குவிந்து, இல்மனைற் என்ற பெயரில் கப்பலேறுகிறதே, அதே தைத்தானியம்தான் இது. அங்கே தொன் கணக்கு. இங்கே சில பிபிஎம், ஆனால் வெப்பமானி வேலை.

இந்த வெப்பமானியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. அவர்கள் வளர்த்தது 600 பாகைக்கு மேல். நாளங்கள் பெரும்பாலும் அதைவிடக் குளிர்ந்தவை. அமுக்கமும் எண்ணை மாற்றும் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. தண்ணியில் தைத்தானியமே குறைவாக இருந்திருந்தால், சூடாக இருந்த நாளம்கூடக் குளிர்ந்தது போலத் தோன்றும். பாதரசத்தைக் குறைத்து ஊற்றிய வெப்பமானி காய்ச்சலைக் காட்டுமா?

அலுமினியம் வேறு சேதி சொல்லும். அமெரிக்காவின் மொன்டானாவில் பியூற் என்ற பழைய செம்புச் சுரங்க நகரத்து நாளங்களில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. மிகச் சூடான தண்ணியில் வளர்ந்த குவார்ட்ஸில் தைத்தானியம் கூட. பிறகு வந்த, ஆறிய தண்ணியில் வளர்ந்ததில் தைத்தானியம் ஏறக்குறைய இல்லை, ஆனால் அலுமினியம் சில இடங்களில் ஆயிரம் பிபிஎம்மையும் தாண்டும். தண்ணியின் அமிலத்தன்மை மாற மாற அதில் கரையும் அலுமினியம் மாறுகிறது, அந்த ஏற்ற இறக்கம் அப்படியே குவார்ட்ஸில் பதிந்துவிடுகிறது.

"பதிந்துவிடுகிறது" என்று சும்மா அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. நாளக் குவார்ட்ஸை மெல்லிய சீவலாக வெட்டி இலத்திரன் கற்றையை அதன் மேல் விட்டால், வெறும் கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத் தெரிந்த கல் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியது போலப் பட்டை பட்டையாக ஒளிரும். ஒவ்வொரு பட்டையும் தண்ணியின் ஒரு காலம். பிறகு தலைமயிரின் தடிப்பு அளவிலான இலேசர் கற்றையால் ஒவ்வொரு பட்டையையும் சுரண்டி, கிளம்பும் தூசியைத் திணிவு நிறமாலைமானிக்குள் அனுப்புவார்கள். அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி அது. எந்தப் பட்டை விளைந்த காலத்தில் உலோகம் வந்தது, எது வெறும் தண்ணியில் விளைந்தது என்று பிரித்தறிய இதுதான் வழி. ஒரே நாளத்தில் நாலைந்து தலைமுறைத் தண்ணி ஓடியிருக்கலாம். அதில் ஒன்று மட்டும் உலோகம் கொண்டுவந்திருக்கலாம்.

மற்றக் கனியங்கள்

கல்சைற்றுக்குள் கல்சியத்தின் இடத்தில் மங்கனீசும் இரும்பும் போகும். மங்கனீசு இருந்தால் இலத்திரன் கற்றையில் செம்மஞ்சளாக ஒளிரும், இரும்பு கூடினால் அந்த ஒளி அணைந்துவிடும். புளோரைற்றுக்குள் இலந்தனம், சீரியம் போன்ற அருமண் மூலகங்கள் போகும். இவை இரண்டைப் பற்றி இவ்வளவு போதும். சுவையான கதை உலோகக் கனியங்களில்தான் இருக்கிறது.

பைரைற் என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. பித்தளை மாதிரி மினுங்கி எத்தனையோ பேரைப் பொன் என்று ஏமாற்றியிருக்கிறது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், சில பைரைற்றுக்குள் உண்மையான பொன்னே இருக்கிறது, நுணுக்குக்காட்டிக்குக்கூடத் தெரியாத அளவில். கந்தகத்தின் இடத்தில் ஆசனிக்கு நுழைந்தால் பளிங்கின் ஒழுங்கு குலைகிறது, அந்தக் குலைவில் பொன்னுக்கு இடம் கிடைக்கிறது. ஆகவே ஆசனிக்கு கூடிய பைரைற்றில்தான் மறைந்த பொன்னை எதிர்பார்ப்பார்கள். அமெரிக்காவின் நெவாடாவில் காலின் என்ற இடத்தில் 1960களில் தொடங்கிய பெரும் பொற்சுரங்கங்கள் இப்படிப்பட்ட கண்ணுக்குத் தெரியாத பொன்னை நம்பியவை. அங்கே மினுங்குவதில் அல்ல, மினுங்காத மண்நிறப் பாறையில்தான் பொன்.

நாகம் தரும் ஸ்பலரைற்றின் சுவடுகளோ மூலக அட்டவணைக்கே ஆள் சேர்த்தவை. 1863இல் ஜேர்மனியின் பிறைபேர்க் சுரங்கத் தாதை ஆராய்ந்த பேர்டினன்ட் றைக் என்பவருக்கு நிறக்குருடு. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையைப் பார்த்துச் சொல்ல தியோடர் றிக்டர் என்பவரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். யாரும் அதுவரை கண்டிராத கருநீலக் கோடு ஒன்றை றிக்டர் கண்டார். அவுரி நீலத்தின் பெயரால் அந்தப் புது மூலகத்துக்கு இந்தியம் என்று பெயர் வைத்தார்கள். நீங்கள் இதைத் தொடுதிரையில் வாசித்தால், விரலுக்குக் கீழே இருக்கும் மெல்லிய படலத்தில் இந்தியம் இருக்க வாய்ப்பு நிறைய. இன்றும் அது பெரும்பாலும் நாகத் தாதின் உபவிளைவாகத்தான் கிடைக்கிறது. 1875இல் கலியமும் ஸ்பலரைற்றிலிருந்துதான் கண்டுபிடிக்கப்பட்டது.

இதுவரை: வெள்ளைக் கனியங்களின் சுவடுகள் தண்ணியைப் பற்றிப் பேசுகின்றன. உலோகக் கனியங்களின் சுவடுகள் சில வேளை தாமே விலைமதிப்பானவையாகவும் இருக்கின்றன.

தாளில் வரும் எண்ணை வாசிப்பது

அறிக்கையில் "பொன் 0.02 பிபிஎம்" என்று வந்தால் என்ன பொருள்? ஒரு தொன்னுக்கு 0.02 கிராம். ஒரு கிராம் எடுக்க 50 தொன் கல்லை அரைக்க வேண்டும். ஒரு பவுண் எட்டுக் கிராம், அதற்கு 400 தொன். ஒரு டிப்பருக்குப் பத்துத் தொன் என்று வைத்தால் 40 டிப்பர். டீசல் காசுக்கே பவுண் காணாது. ஆனால் தேடுகிறவர்களுக்கு இதே 0.02 முக்கியமான எண்ணாக இருக்கலாம். சாதாரணப் பாறையில் பொன் இதைவிடவும் பல மடங்கு குறைவு. அதனால் "இந்தப் பக்கம் பொன் சுமந்த தண்ணி வந்திருக்கலாம், அயலையும் பார்" என்று அது சொல்கிறது. ஒரே எண்ணை வியாபாரி ஒரு மாதிரியும் புவிச்சரிதவியலாளர் இன்னொரு மாதிரியும் வாசிப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

இன்னொரு பொறி உண்டு. பளிங்கின் கட்டுமானத்துக்குள் இருக்கும் மூலகம் வேறு, பளிங்கு வளரும்போது விழுங்கிவிட்ட துணுக்கு வேறு. இரண்டாவதை உள்ளடக்கம் என்பார்கள்: ஒரு துளி பழைய உப்புத்தண்ணி, ஊசி போன்ற உரூற்றைல் என்ற தைத்தானியக் கனியம், ஒரு பொட்டு மைக்கா. இலேசர் அதில் பட்டுவிட்டால் எண் திடீரென்று எகிறும். சோற்றில் ஒரு கல் கடிபட்டதற்காக முழுப் பானையும் கல் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு புள்ளியை மட்டும் அளந்து சொல்லும் முடிவை நான் நம்புவதில்லை. பல புள்ளிகள், பல பட்டைகள், பக்கத்து நாளங்கள் என்று அளந்து, மூலகங்களுக்கு இடையிலான விகிதத்தைப் பார்க்க வேண்டும்.

வெள்ளைக் கல் எல்லாம் நாளமும் இல்லை. திருகோணமலைச் சுற்றுவட்டாரத்தில் மேடுமேடாக நிற்கும் வெள்ளைப் பாறைகளில் பல குவார்ட்சைட். முற்காலத்து மணல் புதையுண்டு சூட்டிலும் அமுக்கத்திலும் இறுகியது அது. நாளமென்றால் பக்கத்துப் பாறையை ஊடறுத்து ஓடும், இரண்டு பக்கமும் சுவர் தெரியும், பளிங்குகள் சுவரிலிருந்து உள்நோக்கி வளர்ந்திருக்கும். எங்கள் மாவட்டத்தில் தாது என்று பேசத்தக்க செம்பு, சேருவிலவில் காந்த இரும்புக் கனியத்தோடு சேர்ந்து 1970களில் கண்டறியப்பட்டது. அதைக் காட்டிக்கொடுத்ததும் மினுங்கும் வெள்ளைக் கல் அல்ல. தேடுவதற்குச் சட்டமும் இருக்கிறது: 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி இல்லாமல் தோண்ட முடியாது.

மேசையில் இருந்த கல்

தம்பியின் கல்லைக் கைவில்லையால் பார்த்தேன். மினுக்கம் மைக்கா. நகத்தால் தட்டினால் தாள் தாளாக உரிந்தது. துருக்கோடு எனக்குக் கொஞ்சம் ஆர்வமாக இருந்தது. பைரைற்றின் கனசதுரப் பளிங்குகள் இருந்து கரைந்துபோன இடமாக இருக்கலாம்: சின்னச் சின்னச் சதுரக் குழிகள் இரண்டு மூன்று தெரிந்தன. "பொன் தெரியேல்ல தம்பி. ஆனா ஒரு காலத்தில கந்தகம் சுமந்த தண்ணி ஓடியிருக்கலாம்" என்றேன். அவருக்கு முகம் வாடியும் வாடாமலும் இருந்தது.

பிறகு முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். பாறையோடு ஒட்டி இருந்ததா, எந்தப் பக்கமாக ஓடியது, பக்கத்தில் என்ன கல்?

"வீதி போடக் கொட்டின கல்லுக் குவியலுக்க கிடந்தது சேர்."

"குவியல் எங்கயிருந்து வந்தது?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கல்லைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, டிப்பர்காரனிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி ஓட்டோவை எடுத்தார்.